அம்மா கூட்டின அறை

அண்ணை, குறை நினைக்காதையுங்கோ, கொஞ்சம் மெதுவாகக் கதைப்போம். அங்கே முன்னுக்கு, ட்ரைவருக்குப் பின்னால் நீலக் கோட்டோடு இருக்கிறா பாருங்கோ, அவ என்னுடைய அம்மா. காது நல்லாக் கேட்கும் அவவுக்கு. அதுதான்.

இல்லை, பக்கத்துச் சீற் காலியாகத்தான் இருந்தது. அதில் அவவுடைய சாமானை வைத்துவிட்டு நான் பின்னுக்கு வந்தேன். போய் இருப்பேன். நாங்கள் இறங்கிற ஏஜாக்ஸ் வருவதற்குள் பக்கத்தில் போய் இருந்து அவவுக்கு ஒரு விசயம் சொல்லவேண்டும். சொன்னால் நானும் அம்மாவோடு சேர்ந்து என்னுடைய மனுசி இருக்கிற வீட்டுக்குள் போகலாம். சொல்லாவிட்டால் அம்மாவை வாசலில் விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் நான் திரும்பவேண்டும், காரும் திருத்தக் கிடக்கு. மனுசி அப்படித்தான் சொல்லியிருக்கிறாள். பிள்ளை பிறக்கப்போகிற நேரம், அண்ணை. எங்களுக்கு முதல் பிள்ளை. அப்படியான நேரத்தில் ஒரு மனிசனுக்கு இப்படி நிபந்தனை போடலாமோ?

போவேன், போவேன். இப்போதுதானே ஸ்காபரோ தாண்டுகிறது. நேரம் கிடக்கு.

பொப்கோர்ன் சீலிங் தெரியும்தானே உங்களுக்கு? இங்கே கனடாவில் பழைய வீடுகளில் இருக்கும், முகட்டில் சொரசொரவென்று. நாங்கள் வாங்கினதும் பழைய வீடுதான். வந்த முதல்நாளே அம்மா மேலே பார்த்துவிட்டுச் சொன்னா, "இதென்ன மோனை, பிட்டைக் குழைச்சு மேல எறிஞ்சு ஒட்டவச்சிருக்கிறாங்கள்?" உண்மையில் அப்படியேதான் இருக்கும். அந்தக் காலத்தில் அதுதான் வடிவாம். எங்களுக்கு என்ன தெரியும்? வீடு கிடைத்ததே போதும் என்று வாங்கினோம்.

பிள்ளைக்கு என்று ஒதுக்கின சின்ன அறையில்தான் அது உதிரத் தொடங்கியது. காலையில் போய்ப் பார்த்தால் யன்னல் விளிம்பில் வெள்ளையாய்த் துகள் கிடக்கும். நிரோஜினி, அதுதான் என்னுடைய மனுசி, கண்டுவிட்டுச் சொன்னாள், "இதை எடுக்கவேணும். ஆனால் சும்மா சுரண்டிப் போடாதையுங்கோ. பழைய வீடு, உதுக்குள்ள அஸ்பெஸ்ரஸ் இருக்கும். முதல் ரெஸ்ற் பண்ணுங்கோ." அவள் பல் வைத்தியரிடம் வேலை செய்கிறவள். முகமூடி, கையுறை, கிருமி என்று எல்லாவற்றிலும் கவனம். நானும் கவனமான ஆள்தான் அண்ணை. என்னோடு வேலை செய்கிற ஆரைக் கேட்டாலும் சொல்லுவார்கள்.

வேலை முடியுமட்டும் அவளை ஏஜாக்ஸில் அவளுடைய அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். வயிற்றுப் பிள்ளைக்காரி, அந்த இடத்தில் நிற்கக் கூடாது. இது என்னுடைய யோசனை. கவனித்தீர்களோ?

எல்லாவற்றையும் வீடியோ பார்த்து முறைப்படிதான் செய்தேன். ஓரத்தில் கொஞ்சம் நனைத்துவிட்டு ஒரு துண்டு எடுத்துச் சின்னப் பையில் போட்டு ரெஸ்ற்றுக்கு அனுப்பினேன். கட்டிலை, அலுமாரியை வெளியே எடுத்தேன். சூட்டுக் காற்று வருகிற ஓட்டையைப் பொலித்தீன் வைத்து ரேப்பால் அடைத்தேன். தரைக்குப் பொலித்தீன், சுவருக்குப் பொலித்தீன், வாசலுக்கும் இரண்டு மடிப்பில் பொலித்தீன். இரண்டு பக்கமும் தூசு வடிக்கிற குப்பி வைத்த முகமூடி. தண்ணீருக்குள் கொஞ்சம் கோப்பை கழுவுகிற சோப்பு விட்டு விசிறி, ஊறவிட்டு, அகலத் தகட்டால் மெதுவாய்ச் சுரண்டவேண்டும். காயவிடக் கூடாது. அதுதான் முக்கியம். ஈரமாய் விழுந்ததை ஈரமாகவே அந்தப் பொலித்தீனோடு சுருட்டி, பைக்குள் பை போட்டுக் கட்டவேண்டும். பிறகு ஈரத் துணியால் துடைக்கவேண்டும். கூட்டவே கூடாது. கூட்டினால் கண்ணுக்குத் தெரியாத நார் எழும்பிக் காற்றில் நிற்குமாம். மூச்சோடு போய் நெஞ்சுக்குள் தங்கிவிடுமாம். இந்த வீடியோவை நிரோஜினிக்கும் போட்டுக் காட்டினேன்.

ரெஸ்ற் முடிவு வரவில்லைத்தான். எனக்கு லீவு கிடைத்தது அந்தக் கிழமை. லீவு முடிந்த பிறகு முடிவு வந்து என்ன செய்ய? அதை விட்டால் மற்றதெல்லாம் முறைப்படிதான்.

அம்மாவுக்கு என்ன சொன்னேன் என்றோ? அம்மாவுக்கு, "பெயின்ற் மணம் அம்மா, இந்த அறைப்பக்கம் வராதையுங்கோ, தலையிடிக்கும்" என்று சொன்னேன். வேறு என்ன சொல்கிறது? அஸ்பெஸ்ரஸ் என்றால் எங்கட ஆக்களுக்குக் கூரை அல்லவோ? அப்பா ஓலையைக் கழற்றிவிட்டு அஸ்பெஸ்ரஸ் சீற் போட்ட அன்று அம்மா பொங்கல் பொங்கி அயலுக்கெல்லாம் கொடுத்தவ. இனி மழைக்கு ஒழுகாது என்று சந்தோசம். அதே சாமான் நஞ்சு என்று சொன்னால் நம்புவாவோ? நம்பினால்தான் கூடாது, பயந்துவிடுவா. வயதுபோன மனிசியைப் பயப்படுத்தி என்ன காணப்போகிறோம்?

அன்று வெள்ளிக்கிழமை. அரைவாசிக்கு மேல் சுரண்டியாயிற்று. ஊறின அவல் மாதிரிக் குவியல் குவியலாய்த் தரையில் கிடந்தது. அப்போதுதான் பார்க்கிறேன், தடித்த பை முடிந்துவிட்டது, ரேப்பும் முடிந்துவிட்டது. வாசல் பொலித்தீனை ஒட்டி மூடிவிட்டுக் கடைக்குப் போனேன். போய்விட்டு உடனே வரலாம் என்றுதான். வெளியே பனி கொட்டத் தொடங்கி, ரோட்டில் ஒரு கார் இன்னொன்றோடு முட்டி, எல்லோரும் நிற்கிறோம். நான் ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டு நினைக்கிறேன், அது காயப்போகிறதே, காயப்போகிறதே என்று. அம்மாவை நினைக்கவே இல்லை.

வீட்டுக் கதவைத் திறக்கச் சாம்பிராணி மணம். விளக்குக் கொளுத்தியாயிற்று. தேவாரம் முடித்து அம்மா சிரித்துக்கொண்டு வாறா.

"வந்திட்டியே? போய் அறையைப் பார்."

பார்த்தேன், அண்ணை. வாசல் பொலித்தீனை மரக்கறி வெட்டுகிற கத்தியால் நேராய் வெட்டிக் கழற்றியிருந்தது. தரை பளிச்சென்று இருக்கு. மூலையில், ஊரில் இருந்து ஆரோ கொண்டுவந்து கொடுத்த ஈர்க்குமாறு சாத்திக்கிடக்கு.

"அம்மா... கூட்டினனீங்களோ?"

"பின்னை? வெள்ளிக்கிழமையும் அதுவுமா, வீட்டுக்குள்ள குப்பையைக் குவிச்சு வச்சுக்கொண்டு என்னை விளக்குக் கொளுத்தச் சொல்லுறியோ? பிள்ளை வளரப்போற அறை. ஓரமெல்லாம் நல்லாக் காய்ஞ்சு கிடந்தது, ஒரு இழுவையில வந்திட்டுது. ரண்டு தரம் கூட்டினனான்."

"கீழ விரிச்ச பொலித்தீன்?"

"உதறி மடிச்சு வச்சிருக்கிறன். நல்ல தடிப்பான பொலித்தீன், எறிஞ்சுபோடாதை. வெயில் காலத்தில மிளகாய் காயப்போடலாம்."

"எங்க உதறினனீங்கள்?"

"வெளியில பனி கொட்டுது, வெளியிலயோ போய் உதறுறது? ஹோலுக்கதான். பேந்து ஹோலையும் கூட்டினனான். நீ என்னடாப்பா, காத்து வாற ஓட்டையையும் அடைச்சு வச்சிருக்கிறாய்? அறை ஐஸ்பெட்டி மாதிரிக் கிடந்தது. அதையும் உரிச்சு விட்டிருக்கிறன்."

சூட்டுக் காற்று உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது, எல்லா அறைக்கும். சாம்பிராணித் தட்டையும் எல்லா அறைக்கும் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறா. நெற்றியில் திருநீறு. தலைமயிரிலும் வெள்ளையாய் ஏதோ. அது திருநீறு இல்லை.

நீங்கள் என்றால் என்ன சொல்லியிருப்பீர்கள்? சிரித்துக்கொண்டு நிற்கிறா அண்ணை, நல்ல வேலை செய்த பிள்ளை மாதிரி. "நல்லது அம்மா" என்று சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து ரெஸ்ற் முடிவு வந்தது. இருக்கு என்று.

பிக்கரிங் வந்துவிட்டதோ? இல்லை, இல்லை, இது பிக்கரிங்குக்கு முன்னுக்கு. சரி. பிக்கரிங் தாண்டினவுடன் எழும்பிப் போகிறேன்.

முடிவைச் சொல்ல நிரோஜினிக்குப் போன் எடுத்தேன். எப்படியும் சொல்லத்தானே வேண்டும். அவள் முதலில் அமைதியாகத்தான் கேட்டாள். "ஈரமாச் சுருட்டிக் கட்டிப்போட்டீங்கள்தானே?"

"இல்லை. கொஞ்சம் கூட்டுப்பட்டுப் போச்சு."

"கூட்டுப்பட்டுப் போச்சோ? ஆர் கூட்டினது?"

நான்தான் என்று சொன்னேன்.

அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருக்கு. கேளுங்கோ. அவளுக்கு மசக்கையாய் இருந்த நேரம் அம்மா ஒருநாள் கருவாடு பொரித்து, அவள் சத்தி எடுத்து, "மாமிக்குத் தெரியாதோ?" என்று அவள் கேட்க, "நானும் பிள்ளை பெத்தனான்தானே" என்று அம்மா சொல்ல, ஒரு கிழமை இரண்டு பேருக்கும் கதை பேச்சு இல்லை. நான்தான் நடுவில் நின்று, அவ சொன்னதை இவளுக்கு மாற்றி, இவள் சொன்னதை அவவுக்கு மாற்றி, ஒருமாதிரிச் சரிப்படுத்தினேன். இப்போது அம்மாதான் கூட்டினவ என்று சொன்னால் என்ன நடக்கும்? அந்த வீட்டில் அம்மாவுக்கு இடம் இருக்குமோ? அதுதான் பழியை நான் எடுத்தேன். இந்தக் காலத்தில் எத்தனை பேர் அப்படி எடுப்பார்கள்?

"தெரிஞ்சுகொண்டோ கூட்டினனீங்கள்? அந்த வீடியோவை எனக்குக் காட்டினதே நீங்கள்."

"ஓம்."

"அப்ப ஏன்?"

"வெள்ளிக்கிழமை..." என்றேன்.

"நீங்கள் எப்பதொட்டு வெள்ளிக்கிழமை பாக்கிறனீங்கள்? அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமைதானே கோழி ரோல் திண்டனீங்கள்."

வைத்துவிட்டாள்.

பிறகு அதற்கென்றே இருக்கிற ஆட்களைக் கூப்பிட்டேன். வெள்ளை உடுப்புப் போட்டு, தலையில் இருந்து கால்வரை மூடிக்கொண்டு வந்தார்கள். அம்மா யன்னலால் பார்த்துவிட்டுப் பதறிப்போனா. "ஆருக்கு மோனை வருத்தம்? கொரோனாவோ திரும்பி?"

"இல்லை அம்மா, எலி. எலிக்கு மருந்து அடிக்கினம்."

அந்த நேரத்தில் வேறு ஒன்றும் வரவில்லை, அண்ணை.

அவர்கள் சுத்தம் செய்து முடியுமட்டும் அம்மாவும் நானும் ஒரு சிநேகிதன் வீட்டு பேஸ்மென்ரில் இருந்தோம். மெத்தை, திரைச்சீலை, கார்ப்பெற் எல்லாவற்றையும் மூட்டை மூட்டையாய்க் கட்டிக் கொண்டுபோய்விட்டார்கள். "எலிக்கோடா மெத்தையை எறியிறாங்கள்?" என்று அம்மா கேட்டா. ஈர்க்குமாறையும் கொண்டுபோனதுதான் அவவுக்குப் பொறுக்கவில்லை. "அதுக்குள்ள எந்த எலி இருந்தது?"

கடைசியில் காற்றைப் பிடித்து ரெஸ்ற் பண்ணினார்கள். சுத்தம், இனிப் போய் இருக்கலாம் என்று சொன்னார்கள். எனக்கு உயிர் வந்த மாதிரி. உடனே நிரோஜினிக்குச் சொன்னேன், "காத்துச் சரியாம். இனி வரலாம்தானே?"

அவள் சொன்னாள், "காத்துச் சரி. நீங்கள்? தெரிஞ்சுகொண்டே கூட்டின ஆளை நம்பி நான் என்னெண்டு பச்சைப் பிள்ளையோட வாறது?"

உண்மையைச் சொன்னால் அம்மா போச்சு. சொல்லாவிட்டால் மனுசி போச்சு. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். நான் வேலைக்குப் போகிறேன், வாறேன், அந்த அறை வாசலில் நின்று மேலே பார்க்கிறேன். இப்போது முகடு மொட்டையாய், வழுவழுவென்று வடிவாய்த்தான் இருக்கு. கீழே ஒருவரும் இல்லை.

அம்மா பாவம். மருமகள் ஏன் வரவில்லை என்று தனக்குள்ளேயே யோசித்து ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டா. "என்ர சமையல் மணம்தான் அவளுக்கு ஒத்துவரேல்லை." அன்றோடு கருவாடு இல்லை, பொரியல் இல்லை, தாளிதம்கூட இல்லை. பேக்கரிப் பாணும் பருப்பும். தேத்தண்ணி வைக்கவும் யன்னலைத் திறக்கிறா, அந்தக் குளிருக்கு. "மணம் போகட்டும் மோனை, அவள் திடீரெண்டு வந்தாலும்." நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என்ன சொல்கிறது? சமையல் இல்லை அம்மா, கூட்டினதுதான் என்று சொன்னால் மனம் நோகும். அதற்கு இது பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

இப்போது கேளுங்கோ. நான் வேலையில் நிற்கிறேன். அம்மா தானாகவே போன் எடுத்து நிரோஜினியோடு கதைத்திருக்கிறா. அவ போன் எடுக்கிற ஆளே இல்லை. வெள்ளை பட்டன், பச்சை பட்டன் என்று நான்தான் அமத்திக் கொடுக்கவேண்டும். எப்படி எடுத்தாவோ.

"பிள்ளை, நீ எலிக்குப் பயந்தே வராமல் இருக்கிறாய்? எலி இப்ப இல்லை."

"என்ன எலி மாமி?"

"அறை நல்ல சுத்தம் பிள்ளை. உன்ர மனிசன் சுரண்டின அண்டைக்கே நான் விளக்கு வைக்கமுதல் ரண்டு தரம் கூட்டினனான். ஒரு தூசு கிடையாது. என்ர சமையல் பிடிக்காட்டில் நான் சமைக்கேல்லை. நீ வா."

இவ்வளவையும் நிரோஜினி எனக்குச் சொன்னாள், அம்மாவின் குரலிலேயே சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். நான் நினைத்தேன், சரி, இனி அம்மாவுக்கு ஏச்சு விழப்போகிறது என்று. "அவவை ஒண்டும் சொல்லாதை" என்று தொடங்கினேன்.

"மாமியை ஏன் நான் சொல்லப்போறன்? அவவுக்கு ஆர் சொன்னது, கூட்டக்கூடாது எண்டு? நீங்கள் சொன்னீங்களோ? அவவும் அந்தத் தூசைத்தானே இழுத்தவ. உங்களிலும் பாக்க அவதான் கூட இழுத்தவ. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும், வெள்ளை உடுப்புக்காரருக்கும் தெரியும், அவவுக்கு மட்டும் தெரியாது. டொக்டரிட்டயும் காட்டாமல் அவ அங்க பாணைத் திண்டுகொண்டு இருக்கிறா!"

"டொக்டர் என்ன செய்வார்? உள்ளுக்குப் போனதை எடுக்க ஏலுமோ?"

"எடுக்க ஏலாது. ஆனால் டொக்டரிட்டச் சொல்லி வைக்கலாம். அவவுக்குத் தெரியவேணும், அவ்வளவுதான். மாமி என்னோட வந்து இருக்கட்டும், அக்காவும் ஓம் எண்டிட்டா. கூட்டிக்கொண்டு வாங்கோ. வாற வழியில நீங்கள் சொல்லுங்கோ, உங்கட வாயால. சொல்லிப்போட்டு வந்தால் நீங்களும் உள்ளுக்கு வாங்கோ. இல்லாட்டில் அவவை மட்டும் விட்டிட்டுப் போங்கோ."

நான் அவளிடம் கேட்டேன், ஒரு நாள் தூசு அவ்வளவு பெரிய ஆபத்தோ என்று. பெரிதாய் ஒன்றும் வராது என்றுதான் சொல்கிறார்களாம். ஆனால் வரவே வராது என்று ஒருவரும் சொல்லமாட்டார்களாம். அப்படிப்பட்ட ஒன்றை ஒரு தாயிடம் எந்த வாயால் சொல்கிறது? நீங்களும் ஒரு தாயின் பிள்ளைதானே.

இப்போது பாருங்கோ, அண்ணை. அவர்கள் இரண்டு பேரும் ஒரு பக்கம். ஒவ்வொரு நாளும் போன். பிள்ளை பெற்ற பிறகு சாப்பிடுகிற பத்தியக் கறிக்கு என்ன போடுகிறது, சரக்குத்தூளை எதில் அரைக்கிறது என்று ஒரே கதை. ஆரைப் பிரிந்து போகாமல் காப்பாற்ற நான் இவ்வளவும் செய்தேனோ, அவர்கள் சேர்ந்துவிட்டார்கள். வெளியே நிற்கிறது நான். நான் செய்த குற்றம் என்ன? பழியை எடுத்தேன், அதுவோ? ஒருவருடைய மனமும் நோகக்கூடாது என்று நினைத்தேன், அதுவோ?

சொல்லப் பார்க்கவில்லை என்று நினைக்காதையுங்கோ. இன்று காலையிலும் தொடங்கினேன். அவ கட்டிலில் இருந்து சொக்ஸ் போட்டுக்கொண்டு இருந்தா. "அம்மா, அண்டைக்கு அறை கூட்டினீங்களே..." என்றேன். நிமிர்ந்து பார்த்தா. "ஏன், தூசு கிடக்கோ?" முகம் அப்படியே வாடிவிட்டது, அண்ணை. "இல்லை அம்மா, நல்லாத்தான் கூட்டினீங்கள்" என்று சொல்லிவிட்டேன். சொக்ஸ் மற்றக் காலுக்கு நானே போட்டுவிட்டேன்.

"நீயும் அங்க நிப்பாய்தானே?" என்று கேட்டா. "வேலை அம்மா" என்றேன். இனி அதையும் மாற்றவேண்டும்.

பிக்கரிங் போய்விட்டதோ? எப்போது போனது? நீங்கள் சொல்லியிருக்கலாமே. சரி, இந்தச் சிக்னல் விழட்டும். பஸ் ஓடும்போது நடந்தால் விழுந்துவிடுவேன்.

அண்ணை, ஒன்று கேட்கட்டுமோ? நீங்கள் வயதில் மூத்த ஆள், ஆறுதலாகக் கேட்டுக்கொண்டு வந்தீர்கள். வேறு ஆட்கள் சொன்னால் அவ ஏற்றுக்கொள்ளுவா, அதுவும் ஊர் ஆள் என்றால். நீங்கள் போய், சும்மா கதைக்கிற மாதிரி, இப்படிப் பழைய வீடுகளில் அந்த முகட்டுத் தூசைக் கூட்டக்கூடாதாம் என்று ஒரு சொல்... பொதுவாய்த்தான்... இல்லையோ? சரி. இல்லை, சரி, விளங்குது. நான்தான் சொல்லவேண்டும். ஓம்.

அட, எழும்பிவிட்டா. ஏஜாக்ஸோ இது?

"மோனை, இதிலதானே இறங்கிறது? ஏறின நேரந்தொட்டு இந்தத் தம்பியோட என்ன அப்பிடிக் கதை?"

"ஒண்டுமில்லை அம்மா. சும்மா, குளிரைப் பற்றி."

"இவன் உப்பிடித்தான் தம்பி, கோபிக்காதையுங்கோ. சின்னனில இருந்தே இவன்ர வாயில ஒண்டும் நிக்காது. மனசில இருக்கிறதை உடனே கொட்டிப்போடுவான்."

"படி வழுக்கும் அம்மா. பார்த்து இறங்குங்கோ."